வயிறு நிறைந்தும் வாடும் பிள்ளை

நான் தொடக்கப் பள்ளியில் பயின்ற 1970-களின் பிற்பகுதியில், எங்கள் பள்ளிக்கூடத்தின் பின்புறம் கீற்றுக் கொட்டகை ஒன்று இருந்தது. நண்பகல் மணி அடிப்பதற்கு முன்னரே அங்கிருந்து புகையும் ஒரு புதிய வாசமும் கிளம்பி வகுப்பறைக்குள் நுழைந்துவிடும். கடல் கடந்து மூட்டைகளில் வந்த மஞ்சள் மாவைக் கிளறிச் செய்த உப்புமாவின் வாசம் அது. மக்காச்சோளத்தோடு சோயா மாவும் கொழுப்பு நீக்கிய பால்பொடியும் சேர்த்து, ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே 1966 முதல் அமெரிக்காவில் ஆக்கி அனுப்பப்பட்ட மாவு என்பதைப் பின்னாளில்தான் படித்தறிந்தேன். எங்களுக்கு அது வெறும் ‘மஞ்சள் உப்புமா’.

முதலில் பிள்ளைகள் பலர் அதைத் தொடவில்லை. பசி இல்லாமல் இல்லை, பழக்கம் இல்லை. எங்களுக்குச் சமைத்த ஆயா எழுதப் படிக்கத் தெரியாதவர். இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் தம் வீட்டிலிருந்து கடுகும் காய்ந்த மிளகாயும், வேலியோரத்துக் கறிவேப்பிலையும் கொண்டுவந்து தாளித்துக் கொட்டினார். அன்று முதல் தட்டுகள் வெறுமையாயின. மாவின் சத்தைக் கணக்கிட்டவர்கள் எங்கோ இருந்த அறிஞர்கள். அதை எங்களுக்கு உணவாக்கியவர் அந்த ஆயா.

பசித்தோர்க்கு உணவளிப்பது இரக்கச் செயல்களுள் முதலாவது என்று மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்தவர்கள் நாம். ஆனால் உணவளித்தல் என்றால் என்ன என்று நின்று கேட்டோமா? வயிற்றை நிரப்புதல் உணவளித்தல் ஆகுமா? நிரம்பிய வயிற்றோடு ஒரு குழந்தை வாடி மடியுமானால், அதற்கு உணவளித்தோம் என்று சொல்ல இயலுமா? உண்பவருக்கு நன்மை எது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் யார்? இக்கேள்விகளை வெறுங்காற்றில் நிறுத்தி ஆராய்வதைவிட, ஒரு தானியத்தின் வரலாற்றோடு சேர்த்து ஆராய்வது பயன் தரும். அந்தத் தானியம் மக்காச்சோளம்.

ஒரு நோயின் பெயர்

இன்று கானா என்று வழங்கும் மேற்கு ஆப்பிரிக்க நாடு, அன்று கோல்ட் கோஸ்ட் என்ற பெயரில் ஆங்கிலேயரின் ஆட்சியில் இருந்தது. ஜமைக்காவில் பிறந்த சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் 1929-இல் அங்குப் பணிக்குச் சென்றார். அவரிடம் கொண்டுவரப்பட்ட குழந்தைகள் பலருக்கு ஒரே விதமான நோய் இருக்கக் கண்டார். ஒன்று முதல் நான்கு வயது வரை உள்ள குழந்தைகள். வீங்கிய கால்கள், உப்பிய வயிறு, நிறம் மாறிய முடி, உரிந்து கருகிய தோல், எதிலும் நாட்டமில்லாத முகம். பட்டினி கிடந்த குழந்தைகளாக அவர்கள் தோன்றவில்லை. வீக்கம் காரணமாகச் சிலர் கொழுத்தவர்களைப் போலவும் காணப்பட்டனர். அவர்கள் உண்டதெல்லாம் புளிக்கவைத்த மக்காச்சோள மாவின் கஞ்சியும் களியும்.

இந்நோயை 1933-இல் மருத்துவ உலகிற்கு அறிவித்த வில்லியம்ஸ், 1935-இல் எழுதிய கட்டுரையில் அதற்கு அவ்வூர்ப் பெண்கள் வழங்கிய பெயரையே சூட்டினார். கா மொழியில் அது குவாஷியோர்கர். அடுத்த குழந்தை பிறக்கும்போது, இடம் இழந்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். தாயின் மார்பிலிருந்து இறக்கிவிடப்பட்ட மூத்த பிள்ளையின் துயரம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. மருத்துவர்கள் ஆய்ந்து கண்டதற்கு முன்னரே, நோய் எப்போது தொடங்குகிறது என்பதைத் தாய்மார்கள் கண்டு பெயரிட்டிருந்தனர். வில்லியம்ஸின் பெருமை அவர்களிடம் கேட்டதில் இருக்கிறது. இந்நோய்க்குப் புரதக் குறைவு ஒன்றே காரணமன்று என்று பின்வந்த ஆய்வாளர்கள் கூறுகின்றனர். தொற்றுநோய்களும் பிற சத்துக் குறைகளும் அதில் பங்கு கொள்கின்றன. ஆயினும் கஞ்சி ஒன்றையே நம்பி வளரும் குழந்தை வாடும் என்ற உண்மை மாறவில்லை.

கஞ்சியில் என்ன குறை? மக்காச்சோளம் தாழ்ந்த தானியமன்று. வெயிலைத் தாங்கிக் குறுகிய காலத்தில் மிகுந்த விளைச்சலைத் தருவது, ஆற்றல் மிக்கது. அதில் புரதமும் உண்டு. ஆனால் புரதம் என்பது பல அமினோ அமிலங்களால் கட்டப்படுவது. அவற்றுள் சிலவற்றை நம் உடல் தானே செய்துகொள்ள இயலாது. உணவிலிருந்தே பெற வேண்டும். லைசின், டிரிப்டோஃபான் ஆகிய அத்தகைய இரண்டும் மக்காச்சோளத்தில் மிகக் குறைவு. வீடு கட்டச் செங்கல் ஏராளமாக வந்து குவிந்தும் சுண்ணாம்பு வராவிடில் சுவர் எழும்பாது. குழந்தையின் உடலும் அப்படியே. போதாக்குறைக்கு, இத்தானியத்தில் உள்ள நயாசின் என்ற உயிர்ச்சத்து வேறொன்றோடு பிணைந்து கிடப்பதால், வெறுமனே வேகவைத்து உண்பவரின் உடலில் அது சேர்வதில்லை.

தானியம் பயணம் போனது, அறிவு உடன் போகவில்லை

அப்படியானால், இத்தானியத்தின் பிறந்தகமான மெக்சிக்கோ நாட்டில் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர்? ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு காட்டுப் புல்லைப் பயிராக்கி மக்காச்சோளமாக வளர்த்தெடுத்தவர்கள் அவர்களின் முன்னோர். அங்குள்ள பெண்கள் மணிகளைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, காலையில் கழுவித் தோல் நீக்கி, அம்மியில் அரைத்து ரொட்டி தட்டினர். இதனால் பிணைந்து கிடந்த நயாசின் விடுபட்டது. சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்தது. உடன் அவரையும் பூசணியும் உண்டதால் புரதத்தின் குறையும் நிரம்பிற்று. வேதியியல் என்ற சொல்லே பிறக்காத காலத்தில், அடுப்படியில் பிறந்த அறிவு இது. நெல்லை அவித்துக் காயவைத்துப் புழுங்கலரிசியாக்கிய நம் பாட்டிமார், அரிசியின் உமியோரத்துச் சத்து உள்ளே இறங்கித் தங்குமாறு செய்தார்கள் அன்றோ? அதற்கு ஒப்பான அறிவு.

கொலம்பஸின் பயணங்களுக்குப் பின் மக்காச்சோளம் ஐரோப்பாவிற்கு வந்தது. மணி வந்தது, சுண்ணாம்பு நீர் வரவில்லை. அதை எப்படி உண்பது என்று அம்மண்ணின் பெண்களிடம் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. வென்றவர்கள் தோற்றவர்களிடம் பாடம் கேட்பது வழக்கமன்று. விளைவு என்ன? 1735-இல் ஸ்பெயின் நாட்டின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர், ஏழை உழவர்களின் கைகளிலும் கழுத்திலும் தோல் சிவந்து வெடிக்கும் ஒரு கொடிய நோயைக் கண்டார். வட இத்தாலியில் 1771-இல் பிரான்செஸ்கோ பிராப்பொல்லி அதற்குப் பெல்லக்ரா என்ற பெயரை எழுத்தில் பதித்தார். சொரசொரப்பான தோல் என்பது அதன் பொருள். தோல் வெடிப்பு, வயிற்றுப்போக்கு, மனக்கலக்கம், இறுதியில் மரணம் என்று அந்நோய் நடந்தது. பணக்காரர் வீடுகளுக்குள் அது நுழையவில்லை. மக்காச்சோளக் கூழன்றி வேறு உணவு காணாத உழவர் குடிசைகளைத் தேடிப் போயிற்று.

பிறர் தந்த கொடையைப் பெற்றுக்கொண்டு, தந்தவரின் அறிவைப் புறக்கணித்தல் ஒரு வகை நன்றியின்மை. அதற்கு விலை கொடுத்தவர்களோ, புறக்கணித்த பெரியவர்கள் அல்லர். இருநூறு ஆண்டுகளாக அந்த ஏழைகள்.

பருத்தி வயலில் ஒரு மருத்துவர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே நோய் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பரவிற்று. 1940 வரை ஏறத்தாழ 30 இலட்சம் பேரை அது பற்றியதாகவும், 1 இலட்சம் பேரைக் கொன்றதாகவும் மதிப்பிடுகின்றனர். கிருமியால் வருவது என்றே பெரும்பாலான மருத்துவர்கள் கருதினர். 1914-இல் அரசு அனுப்பிய ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர், அநாதை இல்லங்களுக்கும் மனநல விடுதிகளுக்கும் சென்று பார்த்தார். அங்கு வாழ்வோரை நோய் தாக்கியது. அவர்களைத் தொட்டுப் பணிவிடை செய்த ஊழியரை அண்டவில்லை. கிருமி அப்படி ஆள் பார்த்து விலகுமா? இருவரின் தட்டுகளையும் ஒப்பிட்டார். இல்லவாசிகளின் தட்டில் மக்காச்சோளமும் வெல்லப்பாகும் கொழுப்புத் துண்டும். ஊழியர் தட்டில் பாலும் இறைச்சியும் காயும். மிசிசிப்பியின் அநாதை இல்லங்களில் பிள்ளைகளுக்குப் பால், முட்டை, இறைச்சி, பயறு கொடுக்கச் செய்தார், நோய் மறைந்தது.

அப்போதும் உலகம் நம்பவில்லை. 1915-இல் சிறைப் பண்ணை ஒன்றில், விடுதலை தருவதாக ஆளுநர் வாக்களித்ததன்பேரில் முன்வந்த கைதிகளுக்கு ஏழைகளின் உணவை மட்டும் கொடுத்துப் பார்த்தார். இறுதிவரை இருந்த 11 பேரில் 6 பேருக்கு நோய்க்குறிகள் தோன்றின. விடுதலைக்கு ஏங்கும் கைதி தரும் இசைவு எத்துணை உரிமையானது என்ற அறவினா அச்சோதனையின்மீது இன்றும் நிழலாகப் படிந்திருக்கிறது. ஆனால் அவர் பிறரை மட்டும் சோதனைக்கு உட்படுத்தியவர் அல்லர். மறு ஆண்டு, நோயாளிகளின் இரத்தத்தைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். அவர் மனைவி மேரியும் அவ்வாறே செய்தார். இருவரையும் நோய் தொற்றவில்லை.

அவருடைய ஆய்வுகளில் என் மனத்தை மிகவும் தொட்டது பிறிதொன்று. சைடன்ஸ்ட்ரிக்கர் என்ற பொருளியல் அறிஞரோடு சேர்ந்து, தென் கரோலினாவின் பஞ்சாலைக் குடியிருப்புகளில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். வருவாய் குறையக் குறைய நோய் ஏறியது. வாசல்வரை பருத்தி விதைக்கப்பட்ட ஊர்களில், காய்கறி விளைவிக்கவும் மாடு கட்டவும் இடம் இல்லை. நோயின் வேர் தட்டில் இருந்தது. தட்டின் வேர் கூலியிலும் நிலத்திலும் இருந்தது. 1921-இல் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் ஹார்டிங் தென்பகுதியின் இந்நிலையை வெளிப்படையாகப் பேசி உதவிக்கு அழைத்தபோது, அப்பகுதித் தலைவர்கள் பலர் தங்கள் மண்ணுக்கு இழுக்கு நேர்ந்துவிட்டதென்று சினந்தார்கள். பிள்ளைகள் வாடுவதைவிட, அது வெளியே தெரிவதே அவர்களுக்கு வெட்கமாயிற்று. நம்மிடமும் இந்தக் குணம் இல்லையென்று சொல்வதற்கில்லை.

கோல்ட்பெர்கர் 1929-இல் மறைந்தார். அவர் தேடிய சத்து நயாசின் என்பது 1937-இல்தான் உறுதியாயிற்று. பின்னர் மாவில் அதைச் சேர்க்கத் தொடங்கியதும், வேலைவாய்ப்பும் வருவாயும் உயர்ந்ததும் சேர்ந்து அந்நோயை அங்கிருந்து அகற்றின.

விதைக்குள் மறைந்த நன்மை

மாவில் சத்தைச் சேர்ப்பதற்குப் பதில், விதைக்குள்ளேயே சத்து இருக்குமாயின்? 1963-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் எட்வின் மெர்ட்ஸ், ஆலிவர் நெல்சன், லின் பேட்ஸ் ஆகியோர், லைசினும் டிரிப்டோஃபானும் ஏறத்தாழ இருமடங்கு கொண்ட ஒரு மக்காச்சோள வகையைக் கண்டறிந்தனர். பலர் பஞ்சம் தீர்ந்தது என்று மகிழ்ந்தனர். ஆனால் அம்மணி சுண்ணக்கட்டிபோல் மென்மையாயிருந்தது, விளைச்சல் குறைந்தது, வண்டு எளிதில் துளைத்தது, களஞ்சியத்தில் விரைவில் கெட்டது. சத்து மிகுந்தது என்பதற்காக, விளைச்சலை இழக்க எந்த உழவன் இசைவான்? நன்மை என்று நாம் கருதுவதை ஏழை மறுத்தால், அவனுடைய அறியாமையைக் குறை கூறுவது நம் வழக்கம். இங்கோ உழவனின் மறுப்பில் அறிவு இருந்தது.

அந்த மறுப்பை மதித்துப் பணியைத் தொடர்ந்தவர்கள் இருவர். மெக்சிக்கோவில் உள்ள பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை மேம்பாட்டு மையத்தில் பணியாற்றிய அவர்களில் ஒருவர், அந்நாட்டு வேதியியலாளர் எவாஞ்செலினா வில்லேகாஸ்; மற்றவர் இந்தியாவில் பிறந்த பயிர் அறிஞர் சுரிந்தர் வாசல். வாசல் வயலில் இனங்களைக் கலந்து விதைகளைத் தேர்ந்தெடுப்பார். வில்லேகாஸ் ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு மாதிரியின் புரதத்தையும் அளந்து கூறுவார். பல்லாண்டு உழைத்து, சத்தும் குறையாமல், மணியின் உறுதியும் விளைச்சலும் குன்றாமல் ஒரு வகையை உருவாக்கினர். அதன் புரதம் பால் புரதத்தின் தரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு என்று கணக்கிடுகின்றனர். 2000-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு இருவருக்கும் வழங்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணி வில்லேகாஸ். சுண்ணாம்பு நீரில் மணியை வேகவைத்த பெண்களின் நாட்டிலிருந்தே, நூற்றாண்டுகளுக்குப் பின், விட்டுப்போன அறிவின் மற்றொரு பங்கு உலகிற்கு வந்து சேர்ந்தது.

அந்த விதை குவாஷியோர்கர் என்ற சொல் பிறந்த கானா நாட்டிற்கும் சென்றது. குமாசி நகரின் பயிர் ஆய்வு நிறுவனம் 1992-இல் அதிலிருந்து ஒரு வகையை வெளியிட்டு, அக்கான் மொழியில் ஒபாடான்பா என்று பெயரிட்டது. நன்கு பாலூட்டி வளர்க்கும் தாய் என்பது பொருள். மார்பிலிருந்து இறக்கப்பட்ட பிள்ளைக்கு, தானியமே தாயாக வேண்டுமென்ற ஏக்கம் அப்பெயரில் ஒலிக்கிறது. வெண்ணிறமான அம்மணி, மக்கள் விரும்பும் கஞ்சிக்கும் களிக்கும் ஏற்றதாயிருந்தது. மேலும், உழவர் தம் விளைச்சலிலிருந்தே மறு ஆண்டுக்கு விதை எடுத்துக்கொள்ள முடிந்தது. ஆப்பிரிக்காவின் வேறு சில நாடுகளுக்கும் அது பரவிற்று. மக்காச்சோளமே முதன்மை உணவாக உள்ள இடங்களில், சத்துக் குறைந்த சிறு குழந்தைகள் சாதாரண மணிக்குப் பதிலாக இவ்வகையை உண்டபோது, எடை கூடும் வேகம் 12 விழுக்காடும் உயரம் கூடும் வேகம் 9 விழுக்காடும் மிகுந்ததாக 2010-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கூறியது. பெருவியப்பு என்று சொல்ல முடியாது; ஒரு குழந்தையின் வாழ்வில் சிறிது என்றும் சொல்ல முடியாது.

இவ்விதையில் இன்னொரு பாடமும் உண்டு. அதன் நன்மை கண்ணுக்குத் தெரியாது. சாதாரண வெள்ளை மணியும் அதுவும் ஒன்றுபோலவே இருக்கும். சந்தையில் அதற்குக் கூடுதல் விலை கேட்டால் எவரும் நம்பார். அதன் சத்துக்குக் காரணமான பண்பு, பிற இனத்தோடு கலந்தால் பின்னடைந்து மறையக்கூடியது. பக்கத்து வயலின் மகரந்தம் காற்றில் பறந்து வந்து கலக்கக் கலக்க, அடுத்தடுத்த பருவங்களில் சத்து குறையும். எனவே ஒருவர் மட்டும் விதைத்தால் போதாது. அண்டை வீட்டாரும் விதைக்க வேண்டும், அல்லது வயலைத் தள்ளி விதைக்க இசைய வேண்டும். ஒரு நன்மையைத் தனி ஒருவனாகக் காத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

இரண்டு எதிர்வாதங்கள்

இனி நம் அறவினாவிற்கு வருவோம். சத்து மிகுந்த மக்காச்சோளத்தைக் கிராமங்களில் பரப்புவது நன்றே என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அதற்கு எதிராக எழும் இரண்டு வாதங்களை நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும்.

முதல் வாதம் நீதியைப் பற்றியது. “பணக்காரனின் தட்டில் பாலும் மீனும் பழமும் இருக்க, ஏழையின் கஞ்சியை மட்டும் சற்றுச் சத்தாக்கிக் கொடுப்பது என்ன அறம்? அவன் என்றும் கஞ்சியே குடிக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டு, அந்தக் கஞ்சியை மருந்தாக்குகிறோம் அல்லவா?” இவ்வாதத்தில் உண்மை இருக்கிறது. பூவுலகின் செல்வங்கள் எல்லா மனிதருக்கும் உரியவை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தெளிவாகக் கற்பித்தது. கொடிய தேவையில் இருப்பவன் உயிர்வாழத் தேவையானதை எடுத்துக்கொள்வது திருட்டாகாது என்று புனித தோமா அக்குவினாஸ் ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னரே எழுதினார். ஏழைக்குப் பலவகை உணவு கிடைப்பது நம் இரக்கத்தைப் பொறுத்ததன்று, அவனுக்கு உரியது. பருத்தி வயலில் கோல்ட்பெர்கர் கண்டதும் இதுவே.

ஆயினும் நீதி வரும்வரை குழந்தை காத்திருக்க இயலாது. மூளையும் உடலும் வளரும் காலம் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள். அவை திரும்பி வாரா. நிலச் சீர்திருத்தம் நடக்கட்டும், கூலி உயரட்டும், அதுவரை சாதாரணக் கஞ்சியையே குடி என்று இரண்டு வயதுப் பிள்ளையிடம் சொல்வதும் அநீதியே. ஆகவே இரண்டையும் செய்ய வேண்டும். ஆனால் ஓர் எச்சரிக்கையோடு: நல்ல விதை நம் மனச்சாட்சியைத் தூங்கவைக்கும் தாலாட்டு ஆகிவிடக்கூடாது. விதை கொடுத்துவிட்டோம், கடமை முடிந்தது என்று எண்ணும் நொடியில், அந்த விதையே அநீதிக்குத் துணை போகத் தொடங்கும். கஞ்சியோடு பயறும் நிலக்கடலையும் கீரையும் மீனும் சேரும் நாளை நோக்கியே அது விதைக்கப்பட வேண்டும். கானாவில் மக்காச்சோளத்தோடு தட்டைப்பயற்றையோ சோயாவையோ நிலக்கடலையோடு வறுத்து அரைத்த சத்துமாவைத் தாய்மாருக்குக் கற்பித்தது அந்த வழியில் ஓர் அடி.

இரண்டாம் வாதம் உரிமையைப் பற்றியது. ஒரு மக்களின் உணவு அவர்களின் நினைவு; அவர்களின் தாய்மடி. அதை மாற்றும் உரிமையை வெளியிலிருந்து வருபவனுக்கு யார் கொடுத்தார்? இதற்குச் சாம்பியா நாடு ஒரு சான்று. அங்கு மக்கள் பெறும் ஆற்றலில் பாதிக்கும் மேற்பட்டது மக்காச்சோளத்திலிருந்து வருகிறது. வெள்ளை மாவைக் கிளறிய நிஷிமா என்ற களி இல்லாத உணவை அவர்கள் உணவாகவே எண்ணுவதில்லை. அங்குப் பிள்ளைகளிடையே வைட்டமின் ஏ குறைவு நெடுங்காலமாக இருந்து வந்தது. கண்ணையும் நோய் எதிர்ப்பு ஆற்றலையும் காக்கும் அச்சத்தின் மூலப்பொருள், மணியை ஆரஞ்சு நிறமாக்குகிறது. ஆனால் அந்நாட்டினர் மஞ்சள் மக்காச்சோளத்தை மாட்டுத் தீவனம் என்றும், பஞ்சக் காலத்தில் வெளிநாட்டார் அனுப்பும் நிவாரணம் என்றும் கருதினர். அதை உண்பது அவர்களுக்கு இழிவின் நினைவு. நம் பள்ளிக்கூடத்து மஞ்சள் மாவின் நினைவு எனக்கு இங்கே வருகிறது.

சத்து இருக்கிறது, தின்னுங்கள் என்று கட்டளையிட்டிருந்தால் அத்திட்டம் தோற்றிருக்கும். பயிர் அறிஞர்கள் மரபான கலப்பு முறையிலேயே ஆரஞ்சு வகைகளை உருவாக்கி, ஊர் ஊராகச் சென்று சமைத்துக் கொடுத்துச் சுவை கேட்டனர். உழவரிடம் விளைச்சலைப் பற்றிக் கேட்டனர். இது பழைய மஞ்சள் மணி அன்று, வேறு என்று மக்கள் தாமே பார்த்து உணர இடம் கொடுத்தனர். 2012-இல் மூன்று வகைகள் அங்கு வெளியிடப்பட்டன. அவற்றை உண்ட குழந்தைகளின் உடலில் வைட்டமின் ஏ இருப்பு உயர்ந்ததைப் பின்னர் அந்நாட்டில் நடந்த ஆய்வு காட்டியது. கானாவின் வெள்ளை மணியில் நன்மை மறைந்திருந்ததால் எவரும் தயங்கவில்லை. ஆனால் நன்மையை அறிய வழியும் இல்லை. சாம்பியாவின் மணியில் நன்மை நிறமாக வெளிப்பட்டதால் தயக்கம் எழுந்தது. ஆனால் ஏற்றுக்கொண்டவர்கள் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள். தெரிந்து ஏற்பதில்தான் மனித மாண்பு இருக்கிறது.

திருத்தந்தை 11-ஆம் பயஸ் 1931-இல் வெளியிட்ட சுற்றுமடலில் ஒரு கோட்பாட்டை வகுத்தார். சிறிய அளவில் மக்கள் தாமே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்புகள் பறித்துக்கொள்வது அநீதி. அவர்கள் அதைச் செய்வதற்குத் துணைநிற்பதே பெரியவற்றின் கடமை. அரசியலுக்கும் பொருளியலுக்கும் உரியதாக நாம் படிக்கும் இக்கோட்பாட்டை அடுப்படிக்கும் கொண்டுசெல்ல வேண்டும் என்று கருதுகிறேன். பிள்ளைக்கு ஊட்டும் அதிகாரம் தாயினுடையது. அறிஞன், அரசு, அறநிறுவனம், பங்குத்தந்தை ஆகிய அனைவரும் அவளுடைய துணைவர்கள். அவளுக்குத் தெரியாததைச் சொல்வது நம் கடன். அவளுக்குத் தெரிந்ததைக் கேட்பதும் நம் கடனே.

கேட்டுவிட்டுக் கொடுத்தல்

பாலைநிலத்தில் மக்கள் கூட்டம் பசித்திருந்தபோது, ஆண்டவர் உடனே அப்பங்களை வரவழைத்துவிடவில்லை. உங்களிடம் எத்தனை அப்பங்கள் உள்ளன, போய்ப் பாருங்கள் என்ற பொருள்பட முதலில் சீடரிடம் கேட்டார். இந்தக் கேள்வியைப் பலமுறை வாசித்தும் அதன் ஆழம் எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. வல்லமை உள்ளவர், இல்லாதவர்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்டார். அவர்களுடைய சிறிதையே எடுத்துப் பெரிதாக்கினார். அந்தக் கேள்வியைக் கேட்காமல் கொடுக்கப்படும் உணவு வயிற்றை நிரப்பலாம். பெற்றுக்கொண்டவரைச் சற்றுச் சிறியவராகவும் ஆக்கிவிடலாம்.

ஒபாடான்பா, ஆரஞ்சு மணி, சுண்ணாம்பு நீர் ஆகிய மூன்றும் மூன்று நாடுகளின் செய்திகள். ஆனால் அவை கேட்கும் கேள்வி நம் வாசலுக்கும் உரியது. நம் பங்குகளில் கிறிஸ்து பிறப்பு நாளிலும் தவக்காலத்திலும் ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி மூட்டை கொடுக்கிறோம். நல்ல செயலே. அந்த மூட்டையை வாங்கிச் செல்லும் தாயிடம், “வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா அம்மா? அதற்கு என்ன ஊட்டுகிறீர்கள்? பயறு கிடைக்கிறதா?” என்று நாம் கேட்டதுண்டா? நானும் பல ஆண்டுகள் கேட்கவில்லை என்பதை இங்கு ஒப்புக்கொள்கிறேன். மூட்டைகளின் எண்ணிக்கை அறிக்கையில் சரியாக இருந்தது. பிள்ளைகளின் எண்ணிக்கை என்னிடம் இல்லை.

ஒருமுறை அப்படிக் கேட்டபோது, ஒரு தாய் சிரித்துக்கொண்டே சொன்னார்: “சாமி, அரிசி ரேசன் கடையிலயே கிடைக்குது. நீங்க குடுக்குறதுல பாதிக்குப் பருப்பு குடுத்தா பிள்ளைக்கு ஆகும்.” இறையியல் கல்லூரியில் நான் கற்ற சமூகப் படிப்பினைகளின் சுருக்கம் முழுவதையும் அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். மறு ஆண்டு முதல் மூட்டை சிறியதாயிற்று; பருப்பும் நிலக்கடலையும் சேர்ந்தன.

இடம் இழந்த குழந்தையின் நோய் என்று ஒரு மக்கள் பெயரிட்டார்கள். அந்தக் குழந்தைக்கு வெறும் கஞ்சியால் இடத்தைத் திருப்பித் தர முடியாது. சத்து மிகுந்த மணியாலும் தனியே முடியாது. அக்குழந்தையின் தாயை அறிவுள்ளவளாக மதித்து, அவளோடு உட்கார்ந்து, அவள் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று கேட்பவர்கள் வேண்டும். கீற்றுக் கொட்டகையில் கடுகு தாளித்த அந்த ஆயாவின் பெயரை நான் கேட்டு வைக்கவில்லை. அவருக்கு நான் பட்ட கடனை, அவர் போன்ற தாய்மாரிடம் கேட்டுக் கேட்டே தீர்க்க வேண்டியிருக்கிறது.